வாசலில் பீடி பிடித்த நேரம்

பீடியை விடவைக்கும் திட்டம் செலவுக்கேற்ற பலன் தந்ததா என்று விசாரிக்க, கும்மிடிப்பூண்டியில் வீடு வீடாகப் போனேன். இரும்பாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி கதவைத் திறந்தார். ஒல்லியானவர், பேசும்போது முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கணவர் பீடியை விட்டு ஒரு வருடமாம்.

"அதனால ஏதாவது நஷ்டமாக்கா?"

"இன்னா நஷ்டம்? இருமல் நின்னுச்சு." சற்றுத் தயங்கினார். "முன்ன சாப்ட்டுட்டு பீடி பிடிக்க வாசல்ல குந்துவாரு. நானும் கூட குந்திக்கினு பேசுவேன். இப்ப உள்ளயே போன் பாத்துக்கினு தூங்கிடறாரு."

"சும்மா பேசலாம் வான்னு கூப்பிடுங்களேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கண்ணாலமாயி இருவது வருசமாச்சு. இன்னான்னு கூப்பிடறது?"

'நஷ்டம் இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அக்கா ஒருநாளாவது கூப்பிட்டிருப்பாரா என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.