மாற்று ஆள் வந்து சேரும் வரை

சண்டை போட வருகிறவனை உட்காரவைத்து, அந்தச் சண்டையை எழுத்தில் வாங்கி, வரிசை எண் போட்டு, ரசீது கொடுத்து அனுப்புவதுதான் நான் பார்த்த உத்தியோகம்.

சித்தூரில் ஓர் அரசாங்க அலுவலகம். எந்த இலாகா என்பது இப்போது வேண்டாம். சர்க்கார் ஒரு புது விதி போட நினைத்தால் உடனே போட்டுவிட முடியாது. முதலில் வரைவை வெளியிட வேண்டும். இங்கிலீஷில் வருவதைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, ஊர் ஊராக ஒட்டி, தண்டோரா போட்டு, முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளில் ஜனங்கள் கொண்டுவரும் ஆட்சேபணைகளை வாங்குகிற குமாஸ்தா நான். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஜன்னலில் மனுவைக் கொடுத்துவிட்டுக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்கள்தான். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவனும் காத்துக்கொண்டுதான் இருந்தான் என்று சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

முசாயிதா சாயபு

வரைவு என்பதற்குத் தெலுங்கில் முசாயிதா. தமிழில் நாம் மசோதா என்று சொல்வதும் அதே சொல்தான் என்று பிற்காலத்தில் நானே அகராதி புரட்டித் தெரிந்துகொண்டேன். ஆந்திர ராஜ்யம் வந்த புதிதில் அது யாருக்குத் தெரியும்? நகரிப் பக்கம் ஒரு நெசவுத் தெருவில், சாயத் தண்ணீரைத் தெருவில் விடக்கூடாது என்று வரப்போகும் விதிக்குத் தலையாரி தண்டோரா போட்டார். நோட்டீசை முழுக்கப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. "முசாயிதா வந்துகீது, ஆட்சேபணை கீறவங்க முப்பது நாளுக்குள்ள சித்தூரு ஆபீசுல போய்ச் சொல்லிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் அந்தத் தெருவிலிருந்து மூன்று பேர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்றவர் கையில் ஓர் எலுமிச்சம்பழம். எங்கள் பியூன் சுப்பராயுடுவிடம், "முசாயிதா சாயபு எந்த ரூமுல கீறாரு?" என்று கேட்டார். சுப்பராயுடு கொஞ்சம்கூடச் சிரிக்காமல் அவர்களை என்னிடம் அனுப்பினார். முசாயிதா என்பது ஆள் இல்லை, காகிதம், இன்னும் விதியாகாத விதி என்று நான் வெகுநேரம் விளக்கினேன். அவர் எலுமிச்சம்பழத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என் மேஜைமேல் வைத்தார். பிறகு கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "ஏம்பா, ஆளே இல்லாத சாயபுக்கா இவ்ளோ தூரம் சட்டை போட்டுக்கினு வந்தோம்?"

ஆட்சேபணை இல்லாதவர்

பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குள் வண்டிகள் எத்தனை மணிக்கு நுழையலாம் என்று ஒரு வரைவு வந்தது. ஒரு தோட்டக்காரர் வந்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆட்சேபணை இல்லாதவர் வர வேண்டியதில்லை, வீட்டில் இருந்தாலே போதும் என்றேன். அவர் நகரவில்லை. நாளைக்கு யாராவது அவர் பெயரைப் போட்டு ஆட்சேபணை கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவருக்கும் ஒரு வரிசை எண் போட்டு ரசீது கொடுத்தேன். அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஆட்சேபணை இல்லேன்னு ஒர்த்தன் சொல்றதுக்கு உங்களுக்கு இன்னாய்யா ஆட்சேபணை?"

நகர்ந்து வந்த ராஜ்யம்

என் மனைவி மரகதம் சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊரில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. கல்யாணத்தின்போதே அவளுக்கும் வேலை இருந்தது, எனக்கும் இருந்தது. அப்போது அவள் ஊர் மதராஸ் ராஜ்யம், என் ஊர் ஆந்திரம். ஒரு ராஜ்யத்து ஆசிரியையை இன்னொரு ராஜ்யத்துக்கு மாற்ற எந்த விதியிலும் வழி இல்லை. ஐந்து வகுப்புக்கும் அவள் ஒருத்திதான். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை அலுவலகம் விட்டதும் புத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து சத்தியவேட்டுக்கு ஒரு பஸ், அப்புறம் நடை. மறுநாள் சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். எங்கள் குடித்தனம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடந்தது. வாரத்தின் மற்ற நாட்களுக்கு ஒரு கடிதம் உண்டு.

அப்புறம் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் அங்கே போயிற்று, சத்தியவேட்டுப் பக்கம் இங்கே வந்தது. அந்த வாரம் நான் போனபோது மரகதம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதே வாசல், அதே முறம். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "உக்காந்த எடத்துலயே நான் உங்க ராஜ்யத்துக்கு வந்துட்டேன். நீங்கதான் இன்னும் பஸ் புடிச்சி வந்துக்கினு கீறீங்க."

முப்பதாம் நாள்

ராஜ்யம் ஒன்றானாலும் ஆளை மாற்ற விதி வேண்டுமே. ஒரு வருஷத்துக்குமேல் கழித்து அதற்கும் வரைவு வந்தது. எல்லை மாறி வந்த ஊர்களின் ஆசிரியர்களை, அவர்கள் கேட்டால், மாவட்டத்தின் எந்தப் பள்ளிக்கும் மாற்றலாம். அவ்வளவுதான் வாசகம். அதைத் தமிழில் எழுதியவன் நான். ஒரு நகல் போதும். நான் மூன்று எடுத்தேன். மரகதம் ட்ரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருப்பதாகக் கடிதம் எழுதினாள். நான் சித்தூரில், கிணறும் சமையலறையில் ஜன்னலும் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்தேன். இனி முப்பது நாள் யாரும் ஆட்சேபிக்காமல் இருந்தால் விதி அப்படியே நிலைத்துவிடும். அந்த முப்பது நாளும் ஜன்னலில் யார் நிழல் விழுந்தாலும் நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். இருபத்தொன்பது நாள் ஒருவரும் வரவில்லை.

முப்பதாம் நாள் கடைசி நேரம் ஐந்து மணி. கருவூலத்து மணி ஐந்து அடித்து ஓய்ந்தபோது ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். மரகதத்தின் ஊர்க்காரர், எத்திராஜு என்று பெயர், கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர். புத்தூரில் பஸ் நின்றுபோய்விட்டதாம். மனுவை நீட்டினார். "எங்கள் ஆசிரியையை மாற்றினால் அந்த இடத்துக்குத் தமிழ் தெரியாதவர் வருவார், அல்லது யாருமே வரமாட்டார். எங்கள் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். ஆகவே ஆட்சேபிக்கிறோம்." கீழே கையெழுத்துகளும் ரேகைகளும். 'தமிழில்' என்ற சொல்லில் ழகரத்தின் வால் கீழே இறங்கி இடப்பக்கம் சுழித்திருந்தது. வாரம் ஒரு கடிதத்தில் நான் பார்க்கிற சுழி.

சுப்பராயுடு ஜன்னலைச் சாத்தப் போனவர் என்னைப் பார்த்தார். "ட்ரெஷரி கண்ட கொட்டேசிந்தி சார்" என்றார். கருவூல மணி அடித்துவிட்டது, வாங்காவிட்டால் யாரும் கேட்க முடியாது என்று அர்த்தம். எங்கள் அலுவலகச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் பின்னால் ஓடும். அதில் ஐந்துக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்று யோசித்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன், முத்திரையை எடுத்தேன், வரிசை எண் ஒன்று என்று போட்டேன். எத்திராஜு ரசீதை வாங்கிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "டீச்சரம்மா அப்பவே சொல்லிச்சு. லேட்டானாலும் பயப்படாம போ எத்திராஜு, அங்க எங்க வூட்டுக்காரரு கீறாரு, வாங்கிக்குவாருன்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை

சோறு போடும்போது கேட்டாள்.

"வாங்கினீங்களா?"

"நம்பர் போட்டேன்."

"எத்தினியாவது நம்பரு?"

"ஒண்ணு."

"மொத்தமே ஒண்ணுதானா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சர்க்காருக்கு எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நீயே எழுதிக் கொடு என்று வந்து நின்றார்களாம். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். ட்ரங்குப் பெட்டி மூலையில் துடைத்தபடியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "எனக்கு உங்க மேலயும் ஆட்சேபணை இல்ல, பசங்க மேலயும் ஆட்சேபணை இல்ல. அதுதாங்க கஷ்டம்."

திருப்பதி விசாரணை

ஒரே ஓர் ஆட்சேபணை வந்தாலும் விசாரணை வைக்க வேண்டும். திருப்பதியில் வைத்தார்கள். அதிகாரி தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். குறிப்பெடுக்க என்னை அழைத்துப் போயிருந்தார். எத்திராஜு மட்டும் வந்திருந்தார். விசாரணைக்கு முன்பே மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்ததை வீணாக்க அவருக்கு மனசில்லை. அதிகாரி மனுவைப் புரட்டி, "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். ஆசிரியை எழுதியது என்று தெரிந்தால் அவள் வேலைக்கே ஆபத்து. என் பேனா நின்றது. எத்திராஜு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "எங்க ஊர்ல எழுதற எழுத்தெல்லாம் ஒரே மாதிரிதான் சாமி இருக்கும். எல்லாம் ஒரே பள்ளிக்கூடம்." அதிகாரி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"தெலுங்கு வாத்தியார் வேண்டாமா உங்களுக்கு?" என்றார்.

"தெலுங்கு நாங்களே பேசறோம் சாமி. சந்தையில அதான். ஆனா சின்னப் பசங்களுக்கு மொதல்ல வர்றது தமிழு. அவரு சொல்றது இதுங்களுக்குப் புரியாது, இதுங்க சொல்றது அவருக்குப் புரியாது. எதிரும் புதிரும் குந்திக்கினு சாயங்காலம் வரைக்கும் இன்னா பண்ணுவாங்க?"

அதிகாரி சிரித்துவிட்டு, விதியைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம், ஒரு வாக்கியம் சேர்க்கலாம் என்றார். என்னைப் பார்த்து, நீயே சொல், எப்படி எழுதலாம் என்றார். நான் எழுதிக் காட்டினேன்: "தமிழ் தெரிந்த மாற்று ஆள் வந்து சேரும் வரை, இருப்பவர் இடம் விட்டு அகலக் கூடாது." ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எத்திராஜு ஒரு லட்டைப் பிட்டு என் கையில் வைத்தார். நான் சாப்பிடாமல் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சரம்மாவ நாங்க ஊர்லயே நிறுத்திக்கினோம்னு உனுக்கு மனசுல ஒண்ணும் இல்லியே நைனா?"

மாற்று ஆள்

மாற்று ஆள் ஆறு வருஷம் கழித்து வந்தார். தமிழ் தெரிந்தவர்கள் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. அந்த ஊருக்கு வரத் தெரிந்தவர்கள் இல்லை. அந்த ஆறு வருஷமும் புத்தூர் பஸ்தான். கண்டக்டர்கள் எனக்கு ஜன்னலோர இடம் வைத்திருப்பார்கள். நான் பார்த்து வைத்த வீட்டில் வேறு யாரோ குடிவந்து, அவர்கள் நட்ட கொய்யா காய்க்கத் தொடங்கியிருந்தது. மரகதம் மாற்றலாகி வந்ததும் வேறொரு வீடு பார்த்தோம். அதில் சமையலறை ஜன்னல் கிடையாது. மரகதம் ஒரு முறையும் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்து, "இன்னும் இங்கியேவா கீறீங்க?" என்று கேலி செய்வாள். திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷம் அப்படி இருந்தோம். அதற்குமேல் அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் அலுவலகம் போனேன். ஆட்சேபணைக்காரர்கள்கூட அன்றைக்கு வரவில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு சுப்பராயுடு வந்து என் மேஜையோரம் நின்றார். எனக்குச் சொந்தத்தில் இரண்டாந்தாரம் பார்ப்பதாகக் காதில் விழுந்தது, நிஜமா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் போகாமல் நின்றார். தெலுங்குக்காரர், ஆனால் அன்றைக்கு என்னோடு மெனக்கெட்டுத் தமிழில் பேசினார். "அந்த ரூலு மீர்தானே சார் எழுதினது? மாத்து ஆளு வந்து சேர்ற வரைக்கும் இருக்கிறவங்க போகக் கூடாதுன்னு. அம்மா மட்டும் எப்பிடி சார் போச்சு?"

ஊராருடைய ஆட்சேபணைக்கெல்லாம் வரிசை எண் போட்டுக் கொடுத்த எனக்கு, என்னுடைய ஒரே ஆட்சேபணையை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று சொல்லும் விதி மட்டும் இன்னும் முசாயிதாவிலேயே இருக்கிறது.