பிடி நிற்காத கை

லாத்தா என்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. கேட்டது ஒன்றுதான்.

அவர் என் மூத்த சகோதரி. உடன்பிறந்தது நாங்கள் இரண்டு பேர். கற்பிட்டிப் பக்கம் ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. லாத்தாவுக்கு மார்பில் கட்டி வந்தது. கொழும்பில் வெட்டினார்கள். ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு புண்ணுக்கு மருந்து கட்டியது நான். மச்சானைக் கிட்ட விடவில்லை. தன் மகளையும் விடவில்லை. அவள் அப்போது பள்ளிக்கூடம் போகிறவள்.

ஒரு நாள் நான் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"நான் மவுத்தானா நீதான் என்னக் குளிப்பாட்டணும். வேற ஆரும் இதப் பாக்கப்படாது. என்ட புள்ளயும் பாக்கப்படாது."

"வாய மூடுங்க லாத்தா."

"மூடினாப் பொறகு செல்ல ஏலாதே புள்ள. அதான் இப்பயே செல்றன்."

சரி என்றேன்.

எங்களில் பெண் இறந்தால் மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மேலே ஒரு சீலை போட்டிருக்கும். சீலைக்குக் கீழே கையை விட்டுத்தான் கழுவுவார்கள். ஒருத்தி ஜக்கால் தண்ணீர் வார்க்க வேண்டும், ஒருத்தி சீலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நனைந்தால் சீலை கனக்கும், நழுவப் பார்க்கும். பிடிக்கிற கை கெட்டியாக இருக்க வேண்டும். என் கை அப்போது கெட்டி. கடற்கரை வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போடுகிற கை.

பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

சினை ஆடு ஒன்று பத்தைக்குள் போய்விட்டது. தேடிப் போனேன். உடைமர முள்ளுக்குள் குனிந்து குனிந்து தேடி, குட்டியோடு கொண்டு வந்தேன். சில நாள் கழித்துப் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒரு புண். நாடா உரசிய புண் என்று நினைத்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். அதோடு மறந்துவிட்டேன். இங்கே எல்லாப் பெண்களுக்கும் அந்த இடத்தில் புண் வரும்.

காய்ச்சல் எரித்தது. டெங்கு என்றார்கள். பப்பாசி இலைச் சாறு குடித்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். ஏதாவது கடித்ததா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். நாடாப் புண் என் நினைவிலேயே வரவில்லை.

கண்டது லாத்தா. வார்டில் என்னைக் குளிக்க வார்க்க வந்திருந்தார். வெட்டிய பக்கத்துக் கையை அவரால் உயர்த்த முடியாது. மற்றக் கையால் வார்த்தார். மஞ்சள் கரைந்து போக, அடியில் கறுத்த பொருக்கு.

"இது என்ன புள்ள, சுருட்டால சுட்டாப் போல?"

போய் நர்ஸ் மிஸ்ஸியைக் கூட்டி வந்தார். மிஸ்ஸி டொக்டரைக் கூட்டி வந்தார். உண்ணி கடித்த காய்ச்சல் என்றார் டொக்டர். குளிசை தந்தார். காய்ச்சல் விட்டது.

கையும் காலும் விடவில்லை.

காலையில் எழும்பிக் காலைக் கீழே வைத்தால் உப்புக் கல்லில் வைத்த மாதிரி. கலியாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் பாலாவியில் உப்பு அள்ளப் போனவர்கள். அந்தக் குத்து எனக்குத் தெரியும். அது கால் கழுவினால் போகும். இது உள்ளங்காலுக்குள் இருந்தது. விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. போத்தல் மூடி திறக்க ஏலாது. சட்டை ஊசி குத்த ஏலாது. ஒரு நாள் வாடியில் சூரை மீன் தலையில் வைத்த கத்தி நழுவிக் காலடியில் விழுந்தது. அதற்குப் பிறகு வாடிக்குப் போகவில்லை.

நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். அலுப்பை என்ன செய்வது? தலை வாரத் தூக்கிய கை பாதியில் இறங்கிவிடும். நித்திரை கொண்டு எழும்பினாலும் நித்திரை கொள்ளாதவள் மாதிரி. கதிரையில் இருந்து தொழுதேன். பார்க்க வருகிறவர்கள், "ஆள் நல்லாத்தானே இரிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியில் ஒன்றும் தெரியாது.

கிருமி செத்துவிட்டது, இரத்தம் நல்லது, சிலருக்கு நோவு போக நாள் எடுக்கும் என்றார் டொக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

லாத்தாவின் மகள் போனில் தேடி வாசித்தாள். குளிர் நாடுகளிலும் உண்ணி கடித்து ஒரு நோய் வருமாம். லைம் என்று பெயராம். எனக்கு வந்தது அதுவல்ல, வேறு கிருமி. ஆனாலும் அவர்களுக்கும் காலையில் உள்ளங்கால் நோகுமாம், விரல் மடங்காதாம், அலுத்துப் போய்க் கிடப்பார்களாம். சில நேரம் ஒரே கடியில் இரண்டு மூன்று கிருமி சேர்ந்து வருமாம்.

"ஒரே பஸ்ஸில ஏறி வருதுகள் போல," என்றார் லாத்தா. "பாத்தியா, வெள்ளக்காரியும் உன்னப் போலத்தான் படுத்துக் கெடக்கா."

"அவளுக்கும் ஆடு இரிக்கா லாத்தா?"

"அவளுக்கு நாய் இரிக்கும்."

சிரித்தோம். லாத்தா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் விரல்களுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருமல் வந்தது. சிரித்ததால் வந்தது என்று நினைத்தேன்.

இருமல் நிற்கவில்லை. கொழும்புக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சுக்குள் பரவிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்த அன்று லாத்தா என் கையை எடுத்து மடியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அடுத்த நாள் கிணற்றடியில் பழகத் தொடங்கினேன். ஜக்கில் கால்வாசித் தண்ணீர் எடுத்தேன். தூக்கி, சரித்து, மெதுவாக வார்க்க வேண்டும். பிறகு அரைவாசி. ஈரச் சீலையை இரண்டு நுனியிலும் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். சில நாள் கையில் நின்றது. சில நாள் மண்ணில் விழுந்தது. நின்ற நாளுக்கு அடுத்த நாள் எழும்பவே ஏலாது.

லாத்தா வாசலில் கதிரை போட்டு இருந்து பார்ப்பார்.

"என்ன புள்ள, என்ன அனுப்ப அவ்வளவு அவசரமா?"

நான் ஜக்கைத் திரும்ப நிரப்பினேன்.

சோளகக் காற்று தொடங்கிய கிழமையில் மவுத்தானார். கடைசி நாட்களில் நான் அவர் பக்கத்தை விட்டு எழும்பவில்லை. நித்திரை கெட்டால் என் கை வீங்கும். அன்று காலை விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன.

வீட்டுக்குப் பின்னால் படங்கு கட்டி மறைத்தார்கள். ஊரில் வழமையாகக் குளிப்பாட்டுகிற பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். லாத்தாவின் மகளை உள்ளே குர்ஆனில் யாசீன் ஓத வைத்தேன்.

"நீங்க இரிங்க," என்றாள் வந்தவர்களில் மூத்தவள். "ஏலாத கையோட என்னத்துக்கு?"

"நான்தான் வார்க்கணும். லாத்தா செல்லி இரிக்கிறாங்க."

முதல் ஜக்கைத் தூக்கினேன். சரிக்கும்போது விழுந்தது. பலகையில் பட்டு உருண்டது. மூத்தவள் எடுத்துக் கழுவினாள்.

"அப்ப சீலையப் பிடிங்க."

பிடித்தேன். இலந்தை இலைத் தண்ணீர் வார்த்தார்கள். சீலை கனத்தது. காற்று படங்கைத் தூக்கி அடித்தது, சீலைக்குள்ளும் புகுந்தது. விரல்கள் விட்டுவிட்டன. நுனியை மணிக்கட்டில் சுற்றியிருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது.

சீலை இடுப்பு வரைக்கும் போய்விட்டது.

வார்க்கிற சத்தம் நின்றது. இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூத்தவள் சீலையை இழுத்து மூடினாள்.

"நாங்க ஒண்டும் பாக்கல்ல," என்றாள்.

குளிப்பாட்டுகிறவர்கள் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது. அவர்கள் சொல்லவும் மாட்டார்கள், நல்லவர்கள். ஆனால் லாத்தா கேட்டது அதையல்ல. பார்க்கக் கூடாது என்றுதான் கேட்டார்.

மிச்சத்தை அவர்களே செய்தார்கள். நான் தலைமாட்டில் இருந்தேன். தலைமுடியைப் பின்னினார்கள். இறுக்கிப் பின்னினால் லாத்தாவுக்குப் பிடிக்காது. கொஞ்சம் தளர்த்துங்கள் என்றேன். தளர்த்தினார்கள்.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு லாத்தாவின் மகள் என்னிடம் வந்தாள். அழுது முகம் வீங்கி இருந்தது. கையில் உப்பு முடிச்சு. அவளே வறுத்திருக்கிறாள். என் கையை எடுத்து மடியில் வைத்து ஒத்தடம் கொடுக்கத் தொடங்கினாள்.

"சாச்சி, உம்மா சென்ன மாதிரி நீங்கதானே எல்லாம் செஞ்சீங்க? வேற ஆரும் பாக்கல்லதானே?"

"ஓம்," என்றேன்.

அவளுக்கு இன்னும் பதம் தெரியாது. உப்பு சுட்டது. நான் கையை எடுக்கவில்லை.