உப்பு சரியாக இருந்த நாள்

ஹவாய்த் தீவுகளில், எங்கள் ஹானா ஊரில், ஹவுனானியின் வீடு கடலோரப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்தால், வடித்த சோறு ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனாலும் கோடை வந்தால், எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்துக் கிடக்கும் அந்தக் கடற்கரையில் ஒரு வாரம் கூடாரம் அடித்தே தீருவாள். பாய், தலையணை, சோற்றுப்பானை, முகம் பார்க்கும் கண்ணாடி என்று பாதி வீடு வண்டியில் வரும். தலைக்கு ஒரு பையோடு வரும் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"பாவம், அவங்க வீட்ல ஒண்ணுமே இல்ல போல," என்பாள் ஹவுனானி.

பக்கத்துக் கூடாரம் தங்கை மோமியுடையது. இரண்டுக்கும் மேலே கட்டும் தார்ப்பாய்க்குக் கயிறு ஒன்றுதான். பாறையில் முளை இறங்காது. அதனால் ஒரு முனையைப் பெரிய கல்லில் அக்கா கட்டுவாள், மறுமுனையைத் தாழை மரத்தில் தங்கை கட்டுவாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

இந்த வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஈஸ்டர் விருந்தில் ஊரே கூடியிருக்க, மோமி செய்த மக்ரோனி சாலட்டில் உப்பில்லை என்று ஹவுனானி சொல்லிவிட்டாள். போதாதா? அதிலிருந்து பேச்செல்லாம் மோமியின் புருஷன் கெகோவா வழியாகத்தான்.

"கெகோவா, கயிறு தொய்யுதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"ஏங்க, அவங்க கல்லுதான் நகருதுன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு!" என்று கெகோவா தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஹவுனானி விரல்விட்டு நாளை எண்ணினாள். திங்கட்கிழமை மோமி புருஷனோடு லாஸ் வேகாசுக்கு, மகனோடு இருக்க, ஒரேயடியாகக் குடிபோகிறாள். அதற்குள் பேசியாக வேண்டும். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? வீம்பு விடுமா?

ஞாயிறு மதியம் காற்று கிளம்பியது. மோமி சாலட் பாத்திரத்தைத் திறக்கவும், பாறைத் துளை வழியாகக் கடல் பீச்சியடிக்கவும் சரியாக இருந்தது. கல் உருண்டது, தார்ப்பாய் சரிந்தது, சாலட் முழுக்க நனைந்தது. அக்காவும் தங்கையும் ஓடிப்போய் ஒரே கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். ஹவுனானி ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே மறுகையால் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இப்பத்தான்டி உப்பு சரியா இருக்கு."

மோமி முறைத்தாள். அப்புறம் களுக்கென்று சிரித்தவள் சிரிப்பை நிறுத்தவேயில்லை. ஹவுனானிக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

"போகாதடி. அந்த ஊர்ல கடலே கிடையாது."

"பேரப்புள்ளைங்க இருக்காங்களேக்கா. நீ ஃபோன் பண்ணித் திட்டு."

"அடுத்த கோடைக்கு?"

"வராம எங்க போறேன்? இந்தக் கயித்தை வேற யாரு கட்டுவா?"

திங்களன்று மோமி போய்விட்டாள். ஹவுனானி தார்ப்பாயை மடித்தாள், கல்லிலிருந்த தன் முனையை அவிழ்த்தாள். தாழை மரத்தை மட்டும் தொடவில்லை.

பூங்காக் காவலர் வந்தார். "ஆன்ட்டி, மரத்துல கயித்தை விட்டுட்டுப் போகக்கூடாது."

"அது என் தங்கச்சி போட்ட முடிச்சுப்பா. அவ வந்து அவுக்கட்டும்."

கயிற்றை அறுக்க எடுத்த கத்தியைக் காவலர் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.