சுரண்டாமல் ஒட்டிய கடைசி ரீல்

நடந்தது இவ்வளவுதான்:

1. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் பெயர் வாங்கிய துப்பறிவாளர் ஒருவர் முதன்முறையாகச் சினிமாவில் வந்தார். சில வருடம் கழித்து அந்தப் படம் எங்கள் ஊர் மண்ணரையின் டென்ட் கொட்டகைக்கும் வந்தது.
2. மூன்றாம் நாள் முதல் ஆட்டத்தில் கடைசி ரீல் அறுந்து எரிந்தது.
3. ஆப்பரேட்டர் தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். வேலை போயிற்று.
4. ஆப்பரேட்டர் என் அப்பா. தவறு என்னுடையது.

இன்று காலை கம்பெனியில் பனியனில் பட்ட எண்ணெய்க் கறையை எடுக்க ஒரு அக்கா தின்னர் புட்டியைத் திறந்தார். சாயம் நிற்கிறதா, துணி சுருங்குகிறதா என்று சோதித்து எழுதுவது என் வேலை. பாலிடெக்னிக்கில் படித்தவள், எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆனால் அந்த வாசனை வந்தால் எண்ணெல்லாம் மறந்துபோகும். கொஞ்சம் கனிந்த வாழைப்பழம், கொஞ்சம் மருந்துக்கடை. பிலிம் ஒட்டும் பசையின் வாசனை அது.

பிலிம் துண்டுகள்தான் அன்று எங்கள் பள்ளிக்கூடத்துச் சொத்து. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது மிஞ்சுவதை அப்பா எனக்குத் தருவார். அதனால் மூன்றாம் வகுப்பில் எனக்கு ஏக மரியாதை. அந்த வாரம் ஐந்து கதாநாயகி கொடுத்தால்தான் ஒரு துப்பறிவாளர் கிடைப்பார். என்னிடம் ஒருவர்கூட இல்லை.

அம்மாவுக்கு அந்தத் துப்பறிவாளர் கதை முழுதும் காதாலேயே பழக்கம். பனியன் கம்பெனியில் பெண்கள் உட்கார்ந்து பிசிர் வெட்டும்போது, எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் தொடர்கதையை உரக்கப் படிப்பாராம். கதையில் ஒல்லியாக இருந்தவர் படத்தில் குண்டாக வந்து இரண்டு பாட்டும் பாடினார்.

“கதையில அவரு இப்படிப் பாடிக்கிட்டெல்லாம் திரியமாட்டாருங்க” என்றார் அம்மா, அப்பாவே பாடியதைப் போல.

“நா என்ன பண்ணட்டும்? பொட்டியில வந்ததத்தான் ஓட்டறேன்.”

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவுக்குப் போசியில் சோறு கொண்டுபோனேன். அவர் வெளியே சாப்பிட உட்கார்ந்தார். கடைசி ரீலைத் திருப்பிச் சுற்றி வைக்கும் வேலையை எனக்கு விட்டிருந்தார். அதில்தான் துப்பறிவாளர் ஒட்டுத்தாடியைக் கழற்றும் இடம் வந்தது. ஒரு சாண் நீளம் வெட்டினேன். திரையில் அது அரை வினாடி. யாருக்குத் தெரியப்போகிறது?

வெட்டிய முனைகளைப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் பிலிமின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடிக்காது. அப்பா சுரண்டுவதைத் தினமும் பார்த்தவள்தான் நான். அழுக்கு எடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் வெட்டிய இடத்தில் அழுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரு கூடத்தில் நிறுத்தி, ஒட்டுத்தாடியைக் கழற்றிக்கொண்டே கொலைகாரனைக் காட்ட விரலைத் தூக்கினார். படம் நின்றது. அவர் முகத்தில் பழுப்பாக ஒரு வட்டம் விரிந்து, திரை வெள்ளையானது.

“ஆப்பரேட்டரே, கொலைகாரன் யாருன்னு நீங்களாவது சொல்லிப்போடுங்க” என்று தரை டிக்கெட் மணலிலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

அப்பா அறுந்த முனையை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். மேல்பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“ஏனுங்க ஆப்பரேட்டரே, என்னாச்சுங்க?”

“ஒட்டு உட்டுப்போச்சுங்க.”

“யாரு ஒட்டுனது?”

படம் பார்க்கத் தங்கிவிட்ட நான் காலிப் போசியோடு அறை வாசலில் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை.

“நாந்தானுங்க. அவசரத்துல சுரண்டாம ஒட்டிப்போட்டனுங்க.”

“பதினஞ்சு வருசமா ஒட்டறீங்க. சுரண்டாம ஒட்டுனா நிக்குமுங்களா?”

“நிக்காதுங்க.”

பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல அதைச் சொன்னார்.

படப்பெட்டி அடுத்து சேவூர் கொட்டகைக்குப் போக வேண்டியது. பெட்டிக்கு முன்னால் சேதி போய்விட்டது. சுரண்டாமல் ஒட்டும் ஆப்பரேட்டரைச் சேவூரிலும் எடுக்கவில்லை, தாராபுரத்திலும் எடுக்கவில்லை. அப்பா சலவைப் பட்டறையில் சேர்ந்து, பிளீச்சிங் தண்ணீரில் துணி அலசப் போனார்.

வீட்டில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“பயந்துக்கிட்டியா கண்ணு?”

“இல்லீங்கப்பா.”

வெட்டிய துண்டை மறுநாள் நொய்யல் ஆற்றில் போட்டேன். வகுப்பில் யாருக்கும் காட்டவில்லை.

போன மாதம்தான் அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்தக் கடைசி ரீல் ஒட்டு நான் போட்டதுங்க.”

“எது?”

வெட்டியது, ஒட்டியது, பிளேடு, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“இல்ல சாமி. நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்? அன்னிக்கு எனக்குத்தான் புத்தி எங்கியோ போயிருச்சு. இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்குது.”

என்னைக் காப்பாற்றச் சொன்ன பேச்சாக இருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே நடந்ததாகிவிட்டது. காதுமடல்கூடச் சிவந்திருந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தையல் மெஷின்கள் ஓடுகின்றன. அந்தப் படத்தை அதன்பின் யாரும் எங்கும் ஓட்டியதாகத் தெரியவில்லை. அப்பா சலவைப் பட்டறையில்தான் இருக்கிறார். தவறு அவர் பெயரிலேயே இருக்கிறது.