இறுங்குக்கு வைத்த மீன் கழிவு

யுத்தத்தால் கடலுக்குப் போக விடாத அந்த வருடங்களில் நாங்கள் குருநகரை விட்டு வந்து, தென்மராட்சியில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். என் கணவருக்கு வள்ளமும் வலையும் தவிர வேறொன்றும் தெரியாது. நான் மீன் விற்றவள். கோதுமை மா கிடைப்பது அருமையாகிவிட்டது. வீட்டுக்கார அக்கா தன் தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, "இறுங்கு விதையுங்கோ தங்கச்சி. இடிச்சுப் பிட்டு அவிக்கலாம்" என்று ஒரு பேணி நிறையச் சிவப்புச் சோள மணிகளைத் தந்தார். தந்த கையோடு மகளின் பிள்ளைப்பேற்றுக்காக வரணிக்குப் போய்விட்டார்.

மழை விழுந்ததும் விதைத்தோம். மண் முழுக்க முளைத்துவிட்டது. குனிந்து பார்த்தால் எல்லாமே ஒடுங்கிய இலை, எல்லாமே பச்சை. எது இறுங்கு, எது புல் என்று இருவருக்கும் பிடிபடவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்க வெட்கம்.

கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளித்தன. வேலிக்கு அப்பால் நின்ற தோட்டக்காரர் தானாகவே சொன்னார்: "யூரியா இல்லாட்டி உப்பிடித்தான் நிக்கும். என்ரையும் உதே கதிதான்."

யூரியா குடாநாட்டுக்குள் வரத் தடை. என் கணவர் அப்போது சந்தையில், கடல்நீரேரியில் பிடிபட்டு வரும் மீனை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குடலும் செதிலும் தலையுமாக வாளியில் கொண்டுவந்து, செடிகளின் அடியில் கிண்டிப் புதைத்தோம். நாற்றம் தாங்க முடியவில்லை. நாய்கள் வந்து தோண்டின; முள்ளுக் கொப்புகளை வெட்டிப் பரப்பினோம்.

பிறகு ஒரு பகுதிச் செடிகள் கரும்பச்சையாகக் கிளம்பின. மற்றவை மெலிந்து மஞ்சளாகவே நின்றன.

"இஞ்சேரும், பாத்தீரே! மீன் வேலை செய்யுது. அந்த மஞ்சளெல்லாம் புல்லு, பிடுங்கும்" என்றார் என் கணவர்.

பிடுங்கினேன். வரிசையில் பாதி முடிந்திருக்கும். கையிலிருந்த ஒரு வேரில் ஏதோ சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். நாங்கள் விதைத்த மணியின் கோது.

"இஞ்சாருங்கோ, இதெல்லோ எங்கடை இறுங்கு!"

அவர் வாங்கிப் பார்த்தார். பச்சையில் ஒன்றைப் பிடுங்கினார். அதன் வேரில் கோது இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினார். "கோது உக்கிப் போயிருக்கும்" என்றார். குரலில் பலமில்லை. அன்று இருவரும் அதற்கு மேல் எதிலும் கைவைக்காமல் எழுந்து வந்துவிட்டோம்.

அக்கா திரும்பி வந்த அன்றே தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். பார்த்ததும் தலையில் கைவைத்தார். "ஐயோ தங்கச்சி, புல்லுக்கெல்லோ பசளை போட்டு வளத்திருக்கிறியள்!"

புல்லைப் பிடுங்கும்போது என் கணவர் ஒவ்வொன்றையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு செழிப்பாய் வந்ததை எப்பிடிப் பிடுங்கிறது?" என்றார். எனக்கும் அழுகை வந்தது. புல்லுக்காகவா, பிடுங்கி எறிந்த இறுங்குக்காகவா என்று அப்போதும் தெரியவில்லை.

மிஞ்சிய மஞ்சள் செடிகளைக் கைவிட்ட மாதிரித்தான் விட்டிருந்தோம். ஆனால் அவை மெல்ல நிறம் மாறின. தண்டு தடித்தது, கதிர் தள்ளியது. குருவிகள் தின்றது போகவும் சில வேளைப் பிட்டுக்கு மா கிடைத்தது. சிவந்த, கொஞ்சம் துவர்ப்பான பிட்டு. பசிக்கு நன்றாகவே இருந்தது.

அக்கா வேறொரு காணியில் தானும் இறுங்கு விதைப்பித்திருந்தார்; அதில் புல்லே இல்லை. அவரது கூலியாள் நேரத்துக்குப் பிடுங்கியிருந்தான். ஆனாலும் அவருடைய இறுங்கு கடைசிவரை மஞ்சளாகவே நின்று, கதிரும் சிறுத்துப்போனது.

அடுத்த விதைப்புக்கு முன் அக்கா எங்கள் அறை வாசலுக்கு வந்து கேட்டார்: "தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ, என்ன செய்தனீங்கள்? மீனே, இல்லாட்டிப் புல்லை வளத்துப்போட்டுப் பிடுங்கினதே?"

 

"தெரியாது அக்கா" என்றார் என் கணவர். "வேணுமெண்டால் மீன் கழிவு உங்களுக்கும் கொண்டுவாறன்."

"ஓம், கொண்டுவாங்கோ" என்றார் அக்கா. "முதல்லை நான் புல்லைப் பிடுங்கிப்போட்டுச் சொல்லுறன்."