இலைகளுக்கு நடுவே விட்ட வானம்

அந்தப் படத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மர நாற்காலியில் என் அத்தை மகள். அவள் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு அவளுடைய சித்தப்பா. மறுபக்கம், சேலை மடிப்பைச் சரிசெய்யக் குனிந்த பக்கத்து வீட்டு அக்கா. நாற்காலிக்குப் பின்னால், இரண்டு கைகளாலும் அவள் தலையை நிமிர்த்திப் பிடித்தபடி மாமா. தலையில் வெள்ளைத் துண்டு உருமா. படத்தில் இல்லாதவர்கள் இரண்டு பேர். அத்தை வீட்டுக்குள் மயங்கிக் கிடந்தாள். நான் மதுரையில் டிராயிங் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை மகள் காமாலையில் செத்துப்போய் அரை நாள் ஆகியிருந்தது.

எங்கள் அனுமந்தன்பட்டியில் அப்போதெல்லாம் உயிரோடு இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகு குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, உத்தமபாளையத்திலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து ஒன்று எடுப்பார்கள். அதுதான் முதல் படம், அதுவேதான் கடைசிப் படமும். அந்த ஸ்டுடியோவில்தான் நான் டச்சிங் வேலை பார்த்தேன். மூடிய கண்ணைத் திறந்து வைப்பது, தாடையைக் கட்டிய துணியை அழிப்பது, உதட்டில் கொஞ்சம் இரத்தம் ஏற்றுவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிராயிங் மாஸ்டர் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதிப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது.

காரியம் முடிந்த கையோடு அத்தையும் மாமாவும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். பெரிதாக்கி வைத்திருந்த படத்தை அத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எம்புள்ளையப் பொணமாப் பாக்க முடியலய்யா. வாய்க்காக்கரைப் புங்க மரத்தடியில உக்காந்துருக்காப்புல ஆக்கிக் குடு. நீ படிச்ச புள்ள, ஒன்னால ஆகும்.”

தினமும் உச்சி வேளையில் மாமாவுக்குச் சோறு கொண்டுபோகிறவள், அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பாள். முறைப்படி எனக்கு வர வேண்டியவள். அந்த மரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பிடித்திருக்கிற ஆட்களை மறைக்க வேண்டிவருமே என்று மாமாவிடம் தயங்கினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மறைச்சு விடு மாப்ள. உசுரோட இருக்கவன் மூஞ்சி அதுல எதுக்கு?” என்றார். பெரிதாக்கிய கூலி, தேக்குச் சட்டம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் போடிக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். முன்பணம் வாங்கினவர் கங்காணி கூப்பிட்ட நாளில் மலையேறியாக வேண்டும்.

முதலில் வீணாய்ப்போன தாள்களில் வரைந்து பழகினேன். ஒவ்வொரு இலையாக, காம்பு நரம்பு விடாமல் போட்டேன். ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏலே, மரம் வச்சியா, கீரைப் பாத்தி கட்டினியா?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தனை இலையும் இருந்தது, மரம்தான் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தேன். அழுதழுது கண் பாதி மூடிக் கிடந்ததால்தானோ என்னவோ, அன்றைக்குத்தான் மரம் எப்படி இருக்கிறதென்று தெரிந்தது. இலை தனித்தனியாகத் தெரிவதில்லை. முதலில் இருட்டுத்தான் தெரிகிறது, கொத்துக் கொத்தாக. அதன் மேல் கொஞ்சம் தெளிந்த பச்சை. அதற்கும் மேலே, வெயில் படுகிற விளிம்பில் மட்டும் நாலைந்து இலை, இலையாகவே நிற்கிறது. கிளை ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் வெளியே வருகிறது. இது எல்லாவற்றையும் மரமாக்குவது இடையிடையே தெரிகிற வானம். அந்தப் பொத்தல்கள் இல்லாவிட்டால் காற்றே நுழையாத சுவர்தான்.

அப்படியே போட்டேன். தண்ணீர்ச் சாயத்தில் இருட்டை முதலில் விட்டேன். சித்தப்பாவின் மேல் அடிமரம் எழுந்தது, அக்காவின் மேல் தாழ்ந்த கிளை ஒன்று இறங்கியது. மாமாவின் விரல்களைக் கனகாம்பரச் சரத்தால் மூடினேன். அவள் மடியில் இலை நிழலைச் சிந்தவிட்டதும் அவள் மரத்தடிக்கே வந்துவிட்டாள். மிச்சமிருந்தது வானம். வெள்ளைச் சாயம் வைத்தால் வானம் சுண்ணாம்புப் பொட்டுப் போலத் தெரியும். அதனால் பிளேடு முனையால் படத்தின் மேல்தோலைச் சுரண்டித் தாளின் வெண்மையையே வெளியே எடுப்போம். எங்கே பெரிய பொத்தல் விடுவதென்று தேட வேண்டியிருக்கவில்லை. மாமாவின் வெள்ளை உருமா ஏற்கெனவே வெளிச்சமாக இருந்தது. அதிலிருந்து தொடங்கி நெற்றி, கண், மீசை என்று சுரண்டிக்கொண்டே கீழே இறங்கினேன். வெயில் வந்தது.

வழக்கமாக ஆடி மழையில் மாமா மலைக்குப் போக மாட்டார். அந்த வருஷம் போனார். மண் சரிந்து, அவர் படுத்திருந்த கூலியாட்கள் லயத்தின் மேல் விழுந்தது. பல நாள் தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. குளிப்பாட்ட உடம்பு இல்லை, நாற்காலி போடவில்லை, ஸ்டுடியோக்காரரை யாரும் கூப்பிடவில்லை.

மழை விடாத ஒரு நாளில் அத்தை வந்தாள். படத்தைப் பழைய சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். “இலையத் தொடச்சு விடுய்யா. ஒங்க மாமா அதுக்குப் பின்னாடிதேன் நிக்கிறாக” என்றாள்.

இன்னொரு பிரதி போட்டுவிடலாமென்று நெகட்டிவ் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அந்த மழையில் எல்லாம் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெறும் கையோடு அத்தை பக்கம் திரும்பினேன். “நீதான வச்ச? வச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா?” என்று அவள் கேட்டாள். குரலில் சந்தேகமே இல்லை.

சட்டத்தைக் கழற்றி, ஈரப் பஞ்சால் ஓரத்திலிருந்து துடைத்தேன். கிளை போய் அக்காவின் முதுகு வந்தது. அடிமரம் போய்ச் சித்தப்பாவின் தோள் வந்தது. கனகாம்பரம் கரைந்து மாமாவின் விரல்கள் வந்தன, மண்வெட்டி பட்டுப் பிளந்த கட்டைவிரல் நகத்தோடு. அத்தை குனிந்து அதைத் தொட்டாள்.

“இந்தா இருக்காகல்ல. மேலயும் தொடச்சு விடு.”

“மேல ஒண்ணும் இல்ல அத்தை.”

அவள் பஞ்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த வெள்ளையைத் துடைத்தாள். தாள் நைந்து நார் எழும்பும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது தேனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். பிள்ளைகள் மரம் வரைந்தால் முழுக்க இலையால் அடைத்துக்கொண்டு வருவார்கள். நடுநடுவே வானம் விட வேண்டும் என்று மற்ற மாஸ்டர்கள் சொல்லித்தருவார்கள். எனக்கு அது வாயில் வருவதில்லை. அடைத்தபடியே இருக்கட்டும் என்று மார்க் போட்டுவிடுகிறேன்.

படம் அத்தை வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. உச்சியில் துடைக்காமல் விட்ட கொஞ்சம் புங்க இலை. நான் திறந்து வைத்த கண்களோடு அத்தை மகள். அவள் தலையைத் தாங்கியிருக்கிற இரண்டு கைகள். கைகளுக்கு மேலே நைந்த வெள்ளை. அத்தை பூவைக் கைகளுக்குத்தான் வைக்கிறாள். மாமா போனதுக்குத் துட்டி கேட்க வந்த கங்காணி, இந்தப் படத்துக்காக மாமா வாங்கியிருந்த முன்பணத்தை இனித் திருப்பித் தர வேண்டாம் என்று இதன் அடியில் நின்றுதான் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தெட்டு ரூபாய்.