மைக்கை அணைக்க மறந்த கும்ரே பெரியம்மா

காலை ஆறு மணிக்கு ஊர் ஒலிபெருக்கி கரகரத்தபோது நானும் அம்மாவும் அடுப்படியில் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் வரவேண்டியது கும்ரே பெரியம்மாவின் குரல். "ஆ, ஆ, கேக்குதா?" என்று தொடங்குவார். யாரும் பதில் சொல்ல வழியில்லை என்பதால் "கேக்குது" என்று அவரே சொல்லிக்கொண்டு, காலிப் பூச்சிமருந்து பாட்டில் சேகரிக்க லாரி வருவதிலிருந்து யார் வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடியது என்பதுவரை சொல்லி முடிப்பார். இன்று வந்தது ஊர்த்தலைவரின் குரல்.

"ஊர் ஜனங்களே... நம்ம பெண்கள் சங்கத் தலைவி, மான்ஹோ அண்ணன் வீட்டம்மா, கும்ரே க்வொன்சாம்மா... ராத்திரி தூக்கத்துலேயே..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வழக்கமாக அறிவிப்பு முடிந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. ஊர்த்தலைவர் அழுவதும், நாற்காலி கிறீச்சிடுவதும், அவர் மூக்கைச் சிந்துவதும் ஊர் முழுக்கக் கேட்டது. ஏரிக்கரைக் கம்பத்து ஒலிபெருக்கி கொஞ்சம் பிந்திப் பேசும் என்பதால் எல்லாம் இரண்டு முறை கேட்டது.

அம்மா கோப்பையை வைத்தாள். "முட்டாள் மனுஷன். சுவிட்சை அணைக்கல" என்றாள். பிறகு எழுந்துபோய் ரப்பர் பூட்ஸைத் தேடினாள்.

அந்தச் சுவிட்சைச் சொல்லாமல் கும்ரே பெரியம்மாவைச் சொல்ல முடியாது.

கொரியாவின் தென்கோடியில், எங்கள் ஹேனம் பக்கத்தில் குளிர்காலக் கோஸ் பயிரிடாதவர்கள் இல்லை. பெரியம்மாவும் மான்ஹோ பெரியப்பாவும் மலையடிவாரச் செம்மண்ணில் கோஸும் வெங்காயமும் போட்டார்கள். பெரியம்மாவுக்கு விடியுமுன் சபையில் ஜெபம் செய்யாவிட்டால் அந்த நாள் நாளே இல்லை. சபையில் மூத்த பெண்களுக்குத் தரும் 'க்வொன்சா' பட்டத்தை அவருக்குக் கொடுத்தபோது, "ஏற்கெனவே அந்தம்மாதானே நடத்துது" என்று ஊரில் சொன்னார்கள். பெரியப்பா சபைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் மழையோ பனியோ, நாலரை மணிக்குப் பவர் டில்லரின் பின்பெட்டியில் மனைவியை உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார். ஜெபம் முடியும்வரை வெளியே டில்லர் மேலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

"உள்ள வந்து தூங்குங்களேன், சூடாவாவது இருக்கும்" என்று போதகர் ஒருமுறை கூப்பிட்டார்.

"எனக்கும் உங்க ஆண்டவருக்கும் சண்டை ஒண்ணுமில்லைங்க. அவரு ரொம்ப சீக்கிரம் எந்திரிக்கிறாரு, அதான்" என்றார் பெரியப்பா.

சபையிலிருந்து பெரியம்மா நேராக நடந்துபோவது, ஒலிபெருக்கி மைக்கும் இருக்கிற ஊர்ப் பொதுக்கூடத்துக்கு. குளிர்காலம் முழுக்க அங்கே வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைப்பது பெண்கள் சங்கம். சங்கம் என்றால் பெரியம்மா, அவருக்குப் பின்னால் அவர் திட்டுக்குப் பயந்து வருகிற ஏழெட்டுப் பேர். அவர்களில் பயப்படாத ஒரே ஆள் என் அம்மா வொல்சன். இருவரும் ஒரே வயது, ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள். அம்மா மலைக்கோயிலில் புத்தரைக் கும்பிடுகிறவள். அதைப் பற்றி இருவருக்குள்ளும் ஓயாத கிண்டல் உண்டே தவிர மனத்தாங்கல் இருந்ததில்லை.

அது நேர்ந்தது ஒரு மார்ச் மாதக் காலை. பெரியம்மா காய்ச்சல் தடுப்பூசி பற்றி அறிவித்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சமையலுக்கு முன் வழக்கம்போல ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்துச் சபைகளில் ஜெபத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமில்லை. வாய்விட்டு, ஆண்டவருக்குக் காது மந்தம் என்பதுபோலச் சத்தமாகத்தான்.

"கர்த்தாவே, நம்ம ஊர்த்தலைவருக்கு மூலம் ரொம்பத் தொந்தரவு பண்ணுது. வெட்கப்பட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட போக மாட்டேங்கிறாரு. டிராக்டர்ல உட்காரும்போது அவரு மூஞ்சியை நீர் பார்த்திருப்பீர், ஐயா..."

வயலில் ஊர்த்தலைவர் டிராக்டர் மேல்தான் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள்.

"மில்லுக்காரரு தராசைச் சரிபண்ணும். தராசு சரியாத்தான் இருக்குன்னா, அவரு கட்டைவிரலைச் சரிபண்ணும். போதகர் நல்ல பிள்ளை, ஆனா பிரசங்கத்தை எங்க நிறுத்தறதுன்னு தெரியல. அவருக்கு வழிகாட்டும்..."

ஒவ்வொரு வீடாக வந்தார். வீடுகளில் கைவேலை நின்றது. சபை வாசலில் இன்னும் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெரியப்பா விழித்துக்கொண்டு, டில்லரை முடிந்தமட்டும் முடுக்கிப் பொதுக்கூடத்துக்கு விட்டார். நடந்தே வந்திருந்தால் முன்னதாக வந்திருப்பார்.

"எங்க வொல்சனை நினைச்சருளும் ஆண்டவரே. மக விவாகரத்தாகி ரெண்டு வருஷமாச்சு. இவ என்னடான்னா பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவுல இருக்காங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. அந்தப் பிள்ளை இங்க க்வாங்ஜூ டவுன்ல தனியா உட்கார்ந்து ராமென் நூடுல்ஸ் தின்னுது. பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வர முடியாம கிடக்குது. உண்மையைச் சொல்ற தைரியத்தை வொல்சனுக்குக் கொடும். இல்லேன்னா ஊருக்கு எப்படியாவது தெரியப்படுத்தும். ஆமென்."

இவ்வளவு விரைவாகக் கேட்கப்பட்ட ஜெபம் எங்கள் ஊர் வரலாற்றில் இல்லை.

மற்றவையும் கேட்கப்பட்டன. ஊர்த்தலைவர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார், குணமானார். மில்லில் எண்கள் ஒளிரும் புதுத் தராசு வந்தது. பிரசங்கம் பாதியானது. ஜெபத்தில் பெயர் வராதவர்கள்தான் பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எல்லார் கதையும் சொன்னியே, என் முட்டிவலி உனக்கு ஞாபகம் வரலையா?"

அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"ஹேவொன், நீ இனிமே அமெரிக்காவுல இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"இல்லைன்னா இல்ல. துணியை எடுத்துக்கிட்டு வந்து சேரு."

அந்த வாரமே வந்தேன். பேருந்திலிருந்து இறங்கியதும் மில்லுக்காரர், "என்னம்மா, விமானத்துல தூக்கம் வந்துச்சா?" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேலியோடு முடிந்துபோனது. பள்ளியில் வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன்.

அம்மாவுக்குத்தான் முடியவில்லை. பெரியம்மா மன்னிப்புக் கேட்க வந்தபோது கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே சொன்னாள்: "உன்கிட்ட நம்பிச் சொன்னதை எங்கயோ கொண்டுபோய்க் கொட்டினியே. எங்க புத்தர்கிட்ட சொன்னா வெளிய போகாது. இனி உன்கூட எனக்குப் பேச்சில்ல."

பெரியம்மா விடவில்லை. ஒலிபெருக்கியிலேயே தூது விட்டார். "இன்னிக்கு மதியம் கூடத்துல சிப்பி போட்ட நூடுல்ஸ். ஒருத்தருக்கு இது ரொம்பப் பிடிக்கும். அவங்க வந்தா நல்லது. யாருன்னு சொல்ல மாட்டேன், நான் திருந்திட்டேன்." ஊரே சிரித்தது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். பெரியம்மா சிவப்புப் பயறுக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம். சண்டை என்பதற்காக அம்மா முறையை மீறவில்லை. கிண்ணம் நிறையப் பச்சைத்தண்ணீர் ஊற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இது என்னம்மா?"

"அவ சமையலைச் சாப்பிட்டவங்களுக்கு வேண்டியது இதுதான்."

உண்மைதான். கும்ரே பெரியம்மாவுக்கு உப்புப் போடத் தெரியாது. நவம்பர் கடைசியில், தனியாக வாழும் வயதானவர்களுக்கும் கூடத்துச் சாப்பாட்டுக்குமாகச் சங்கம் வருஷம் முழுமைக்குமான கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போடும்போது எல்லா வேலையும் பெரியம்மா செய்வார், உப்பை மட்டும் அம்மாதான் போடுவாள். ஓர் இலையைக் கிள்ளிக் கடித்துப் பார்த்து எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று சொல்லுவாள்.

அந்த வருஷ நவம்பரில் ஒலிபெருக்கி அறிவித்தது: "ஆ, ஆ. கேக்குது. நாளைக்குக் கிம்ச்சி வேலை. இந்தத் தடவை உப்பை நானே போடறேன். எல்லாரும் ஜெபம் பண்ணிக்குங்க."

சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டு முற்றத்தில் ஊர்த்தலைவர் தலைமையில் ஒரு கூட்டம். "தங்கச்சி, உன் சண்டை உனக்கு. நாங்க வருஷம் முழுக்கச் சாப்பிடணும்."

அம்மா போனாள். பெரியம்மாவுக்காக இல்லை, கோஸுக்காக என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, இந்தப் பக்கம் அம்மா, நடுவில் நான்.

"ஹேவொன், அந்தம்மாகிட்ட சொல்லு, தண்டுப் பக்கம் இன்னும் ஒரு பிடி தூவணும்."

"பெரியம்மா, தண்டுப் பக்கம்..."

"கேட்டுச்சு. ஹேவொன், உங்கம்மாகிட்ட சொல்லு, தூவிட்டேன், கண்ணு தெரியலேன்னா கண்ணாடி போடச் சொல்லு."

கல்லூரியில் நான் படித்தது மொழிபெயர்ப்பு. படிப்பு வீணாய்ப் போனதே என்று வருந்தியவளுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று தெரியாது. இருவரும் ஒரே மொழிதான் பேசினார்கள், இரண்டடி தூரத்தில். அந்தக் குளிர்காலத்திலிருந்து அம்மா மதியச் சமையலுக்கும் வரத்தொடங்கினாள். ஆனால் பெரியம்மாவோடு ஒரு சொல் நேராகப் பேசவில்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது. நான் இல்லாதபோது பெரியப்பா, அவரும் இல்லாதபோது பூனை. "ஏ பூனை, முள்ளங்கி வேகலைன்னு அந்தம்மாகிட்ட சொல்லு" என்று அம்மா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

பெரியம்மா இதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு தடவை என்னை 'அடியே'ன்னு கூப்பிட்டாப் போதும்டி. உங்கம்மா கூப்பிடுவாளா?"

"ஜெபம் பண்ணுங்க பெரியம்மா."

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். சத்தமில்லாம" என்றார். சத்தமில்லாத ஜெபத்தில் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த வருஷக் கிம்ச்சி வேலை நேற்றுத் தொடங்கியது. பகல் முழுக்கக் கோஸைப் பிளந்து உப்புத் தண்ணீரில் முக்கி நான்கு தொட்டிகளில் அடுக்கினோம். நள்ளிரவுக்கு முன் ஒருமுறை, மேலே இருப்பது அடியில் போகும்படி எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடிவரிசை உப்பேறித் துவண்டுவிடும், மேல்வரிசை பச்சையாகவே நிற்கும். அந்த வேலையைப் பெரியம்மாதான் எப்போதும் செய்வார்.

மாலையில் நான் உப்பு மூட்டை எடுக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் தள்ளப் போகும்போது உள்ளே அம்மாவின் குரல்.

"அடியே, ராத்திரி திருப்பிப் போட மறந்துடாத. நீ மறதிக்காரி."

ஒரு வாளி தரையில் இறங்கும் சத்தம்.

"யாருகிட்ட சொல்ற?" என்றது பெரியம்மாவின் குரல்.

"இங்க வேற யாரு இருக்கா? பூனைகூட இல்ல."

"வொல்சன்..."

"அழாத. தொட்டியில விழுந்தா இன்னும் உப்பாயிடும்."

நான் மூட்டையை இறக்காமல் அங்கேயே நின்றேன். தோள் வலித்தது. கடைசியில் இருமிவிட்டு உள்ளே போனேன். அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பி, "ஹேவொன், இவகிட்ட சொல்லு, கையுறையைக் கழட்டாம மூக்கைத் துடைக்க வேணாம்னு" என்றாள். 'அந்தம்மா' என்று சொல்லவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார்.

இன்று காலை ஒலிபெருக்கியில் ஊர்த்தலைவர் இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதே அம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். வழியில், தன் வீட்டு வாசலில் நிறுத்திவைத்த டில்லர் மேல் மான்ஹோ பெரியப்பா கம்பளியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணு தொட்டி முடிஞ்சுது, ஒண்ணு பாக்கி, கொஞ்சம் முதுகை நீட்டிட்டுப் போறேன்னா" என்றார் அம்மாவிடம். "எழுப்பச் சொன்னா. நான் தூங்கிட்டேன். நாலரைக்கு அவ என்னை எழுப்பல. இன்னிக்கு ஆண்டவருக்கு லீவு போலன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "உள்ள போங்கண்ணே, குளிருது. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பொதுக்கூடத்துக்கு நடந்தாள்.

ஊர்த்தலைவர் மைக்குக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைக் கடந்துபோய்ச் சுவிட்சை அணைத்தாள். 'டக்' என்றது. கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு தொட்டியாக மூடியைத் தூக்கிப் பார்த்தாள். முதல் மூன்றிலும் இலைகள் ஒரே சீராகத் துவண்டு கிடந்தன. ஒன்றைக் கிள்ளிக் கடித்தாள். சரியென்று தலையை ஆட்டினாள்.

கதவோரத் தொட்டியின் மூடியைத் தூக்கியபோது, "சொன்னேன்ல, அடியே. சொன்னேன்ல" என்றாள்.

அதில் மட்டும் கோஸ் திருப்பப்படாமல் இருந்தது. மேல்வரிசை, வயலில் நின்ற விறைப்புக் குறையாமல், உப்புத் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.